றம்பொடை இறக்கத்தில் நீலப்புகை: வாரண்டி முடியாத காரின் என்ஜின் அதற்குள் தேய்ந்துவிட்டதா?

மே 9
(நுவரெலியா வாசகர் ஒருவரின் கேள்வி; அதன் கீழே வருபவை என் பதில்கள்)

கடந்த ஆண்டு புதிதாக வாங்கிய மூன்று சிலிண்டர் பெற்றோல் கார். 19,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. லபுக்கலையிலிருந்து றம்பொடைக்கு இறங்கி முடித்து மறுபடி எக்சிலேட்டரை மிதிக்கும்போது சைலன்சரில் நீலப்புகை வருவதாகப் பின்னால் வந்த மைத்துனர் சொன்னார். ஒரு சர்வீசுக்கும் அடுத்த சர்வீசுக்கும் இடையில் ஒயில் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம், பிறகு நின்றுவிடுகிறது. டவுனில் ஒரு மெக்கானிக் கம்பிரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்துவிட்டு, ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். விற்ற நிறுவனமோ எல்லாம் சாதாரணம் என்கிறது. லீசிங் கட்டி முடிக்க இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. பிரிக்கலாமா? பிரித்தால் வாரண்டி போய்விடுமா?

மே 9, இரவு

பிரிக்காதீர்கள். வாரண்டி காலத்தில் வெளி ஆள் கைவைத்த என்ஜினுக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. பல என்ஜின்களில் தொழிற்சாலையிலேயே போல்ட் தலைகளில் பெயின்ட் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு விலகியிருந்தால் அதோடு பேச்சு முடிந்தது.

மெக்கானிக் எடுத்த கம்பிரஷன் அளவுகளை அப்படியே எழுதுங்கள். மூன்று சிலிண்டருக்கும் தனித்தனியாக வேண்டும். "குறைவு" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

மே 10

அளவு வந்திருக்கிறது: 145, 142, 147 பி.எஸ்.ஐ. கார் தயாரிப்பாளரின் புத்தகத்தில் 180 என்று இருப்பதாகவும், 35 குறைந்திருப்பதால் ரிங் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் முடிவுகட்டியதாகவும் சொல்கிறீர்கள்.

அந்த 180 கடல் மட்டத்துக்கு உரிய கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். சிலிண்டர் உள்ளே இழுக்கும் காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்றால், அதை நசுக்கி வரும் அழுத்தமும் அதே அளவு குறையும். 180இல் ஐந்தில் நான்கு பங்கு 144. உங்கள் மூன்று சிலிண்டரும் அதைச் சுற்றித்தான் நிற்கின்றன. ஹட்டன், கொட்டகலைப் பக்கம் சுமார் 1,250 மீற்றர். இங்கே ஏழில் ஒரு பங்கு குறையும். இதே காரைக் கொழும்புக்குக் கொண்டுபோய் அளந்தால் 180க்குப் பக்கத்தில் காட்டும்.

எனக்கு இதில் உண்மையான கோபம் இருக்கிறது. மலையில் தொழில் செய்யும் மெக்கானிக்குகளுக்கு இந்தக் கணக்கை யாருமே சொல்லிக் கொடுப்பதில்லை. கீழ்நாட்டில் அச்சடித்த எண்ணை மேல்நாட்டு என்ஜினோடு ஒப்பிட்டு, நல்ல நிலையில் இருக்கும் என்ஜினைப் பிரித்துப் போட்ட கதை இந்தப் பக்கம் பல கராஜ்களில் உண்டு. அவர்கள் ஏமாற்றவில்லை. கையில் இருக்கும் மீற்றரை நம்புகிறார்கள், அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம். உங்களுடையதில் கூடியதற்கும் குறைந்ததற்கும் ஐந்துதான் வித்தியாசம். ஒரு சிலிண்டர் மட்டும் 110இல் நின்றிருந்தால் நானே உங்களை அன்றைக்கே நிறுவனத்துக்குப் போகச் சொல்லியிருப்பேன். என்ஜின் சூடாக இருந்ததா, திரொட்டில் (என்ஜினுக்குள் காற்றை விடும் கதவு) முழுதாகத் திறந்திருந்ததா, பட்டரி நல்ல நிலையில் இருந்ததா என்பதையும் கேளுங்கள். மூன்றில் எது பிசகினாலும் அளவு இன்னும் இறங்கும்.

மே 11

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் என்ஜின் சுகமாக இருக்கிறது" என்று பலர் முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். அவ்வளவு தூரம் போக முடியாது. கம்பிரஷன் மீற்றர் மேல் ரிங்குகளையும் வால்வுகளையும் பற்றித்தான் பேசும். ஒயிலை வழித்து இறக்குவது பிஸ்டனின் கீழே இருக்கும் ஒயில் ரிங். அது கரி பிடித்து அடைத்துப்போனாலும் கம்பிரஷன் நன்றாகவே காட்டும், ஒயில் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

டொயோட்டாவின் 2.4 லீற்றர் 2ஏஇசட் என்ஜின் இதற்கு ஊரறிந்த உதாரணம். ஓட்டத்தில் குறை தெரியாத கார்கள் ஒயிலைக் குடித்தன. அமெரிக்காவில் வாரண்டியை நீட்டியபோது அவர்கள் வைத்த அளவுகோல் சத்தமும் இல்லை, புகையும் இல்லை. 1,200 மைலுக்கு ஒரு குவார்ட்டுக்கு (ஏறத்தாழ ஒரு லீற்றர்) மேல் குறைந்தால் பிஸ்டனும் ரிங்கும் மாற்றித் தரப்படும், குறையாவிட்டால் இல்லை. அளந்து காட்டியவர்களுக்குத்தான் வேலை நடந்தது.

ஆகவே ஒயிலை அளக்கும் வேலையில் இறங்குங்கள்.

மே 12

ஒயில் மட்டம் காட்டும் கம்பியை, காரை எங்கே நிறுத்தி வைத்துப் பார்க்கிறீர்கள்? நம் ஊரில் சமதரையில் வீடு யாருக்கு இருக்கிறது? லயத்துக்கு மேலே, ரோட்டோரத்தில், பங்களா வழியில் என்று எல்லாமே சரிவு. மூக்கு மேலே தூக்கி நிற்கும் காரில் கம்பி ஒன்று காட்டும். திருப்பி நிறுத்தினால் வேறொன்று காட்டும். மூன்று லீற்றர் அளவே பிடிக்கும் சிறிய என்ஜினில் இந்தச் சரிவு மட்டுமே அரை லீற்றர் குறைந்ததுபோல மயக்கம் தரும்.

பெற்றோல் ஷெட்டில் பம்புக்குப் பக்கத்துச் சிமெந்துத் தரை சமமாக இருக்கும். நான் எப்போதும் ஒரே ஷெட்டில், ஒரே இடத்தில், என்ஜினை நிறுத்தி பெற்றோல் கணக்குத் தீர்த்துவிட்டு வந்து பார்க்கிறேன். அதற்குள் மேலே இருக்கும் ஒயில் கீழே வடிந்திருக்கும். கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, குறைந்த பக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். கம்பியையும் ஓடிய கிலோமீற்றரையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படமெடுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலையில் ஜெனரேற்றர் பார்த்தவன் நான். அங்கே ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் ஓடிய மணி, ஊற்றிய ஒயில், அழுத்தம் எல்லாம் புத்தகத்தில் ஏறும். ஒரு என்ஜின் கெட்டுப்போகிறது என்பது அந்தப் புத்தகத்தில்தான் முதலில் தெரியும், காதுக்கு எட்டுவது பிறகு. ஒரு தோட்டத்து மெஷினுக்குக் கிடைக்கும் அந்தக் கவனம், குடும்பமே கடன்பட்டு வாங்கிய காருக்கும் கிடைக்க வேண்டும்.

மே 13

நீலப்புகையைப் பற்றி நான் இன்னும் பேசவே இல்லை என்று பண்டாரவளை நண்பர் நினைவூட்டுகிறார்.

கியரில் போட்டு எக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்கும்போது திரொட்டில் மூடியிருக்கும், சக்கரம் என்ஜினைச் சுழற்றும். பிஸ்டன் காற்றுக்காக இழுக்கிறது, காற்று வரவில்லை. அந்த வெற்றிட இழுவை வால்வுத் தண்டின் சீல் வழியாகவும், என்ஜினின் ஆவியைத் திருப்பி உள்ளே விடும் பி.சி.வி. வால்வு வழியாகவும் ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். அடியில் வந்து மிதித்ததும் தேங்கியது எரிந்து ஒரே வீச்சாகப் புகை வரும். ரிங் தேய்ந்த என்ஜினென்றால் ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போதும் தொடர்ந்து புகை வரும். இறக்கத்துக்குப் பிறகு மட்டும் என்றால் என் சந்தேகம் முதலில் பி.சி.வி. வால்வு மேல், அடுத்தது வால்வு சீல் மேல். ரிங்குக்குக் கடைசி இடம்தான்.

மைத்துனரை மறுபடி பின்னால் வரச் சொல்லுங்கள். இந்த முறை ஏற்றத்திலும் பார்க்கச் சொல்லுங்கள்.

மே 13, மாலை

"அப்படியானால் நியூட்ரலில் இறங்கினால் என்ஜினுக்கு நல்லதுதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். கினிகத்தேனை இறக்கத்திலும் றம்பொடை வளைவுகளிலும் நியூட்ரலில் இறங்குபவர் முழுப் பாரத்தையும் பிரேக் மேல் போடுகிறார். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் அடியில் பள்ளத்தாக்குதான். இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில் கியரில் இறங்கும்போது பெற்றோல் தானாகவே நின்றுவிடும், ஆகவே மிச்சம் பிடிப்பதாகவும் எண்ண வேண்டாம். ஒயில் நூறு மில்லி குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம்.

மே 15

காலைச் சத்தம்.

ஒன்றிரண்டு வினாடி மட்டும் கடகடத்து நின்றால் டைமிங் செயினை (வால்வுகளை இயக்கும் சங்கிலி) இழுத்துப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஒயில் ஏறத் தாமதமாகிறது. சூடேறும்வரை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்து மறைந்தால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி. எப்போதும் டிக் டிக் என்று சீராகக் கேட்பது, பெற்றோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நேரடி இன்ஜெக்‌ஷன் என்ஜினில் இயல்பான ஒலி. சூடேறிய பிறகும் அடியிலிருந்து கனமாகத் தட்டினால், அதுவும் மிதிக்க மிதிக்கக் கூடினால், அது என்ஜினின் சுழல் தண்டைத் தாங்கும் பெயாரிங். ஓட்டாதீர்கள், வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

நம் மக்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. சத்தம் நுவரெலியாவில் காலை ஆறு மணிக் குளிரில் கேட்கிறது. சர்வீஸ் நிலையம் கண்டியில். அங்கே போய்ச் சேரும்போது என்ஜின் நன்றாகச் சூடேறி அமைதியாகிவிடும். "ஒன்றும் கேட்கவில்லையே சேர்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். முதல் நாள் மாலையே கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் காலை அவர்களின் ஆளே முதல் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று ஜொப் கார்ட்டில் (சர்வீஸ் நிலையம் எழுதும் வேலைச் சீட்டு) எழுதச் சொல்லுங்கள். கண்டியில் குளிர் குறைவுதான், ஆனாலும் இரவு முழுக்க நின்ற என்ஜினில் ஒயில் வடிந்துதான் இருக்கும். வீட்டிலேயே குளிர்ந்த ஸ்டார்ட்டைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்துகொண்டு போவதும் உதவும். பனிமூட்டமும் வீட்டு வாசலும் படத்தில் தெரிந்தால் நல்லது.

மே 16

பதுளை சகோதரருக்கு: ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் தயிர்போல ஒட்டியிருப்பதைப் பார்த்து, தண்ணீரும் ஒயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பயப்படாதீர்கள். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா? குறையவில்லை என்றால் அது ஈரப்பதம். பக்கத்துப் பள்ளிக்கூடம், சந்தை, வீடு என்று சின்ன ஓட்டமே ஓடும் காரில் ஒயில் முழுச் சூட்டுக்கு வராது, ஆவி வெளியேறாது. நீண்ட ஓட்டம் ஒன்று போய்வந்தால் மறையும். தண்ணீரும் குறைந்தால்தான் கவலை.

மே 20

சின்ன ஓட்டம் என்று எழுதியதும் என் சொந்தக் காரைச் சொல்லியாக வேண்டும். கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்புவதுதான் அதன் அன்றாட வேலை. ஒயில் குறையவே இல்லை. போன மழைக்காலத்தில் கம்பியில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. ஆரம்பத்தில் எனக்கு அது சந்தோஷமாக இருந்தது: புது என்ஜின், சொட்டு ஒயில் குடிக்கவில்லை. பிறகுதான் கம்பியை மூக்கருகே கொண்டுபோனேன். பெற்றோல் வாடை. விரலில் தேய்த்துப் பார்த்தால் ஒயிலின் பிசுக்கே இல்லாமல் வழுக்கி ஓடியது.

குளிர்ந்த என்ஜினுக்குக் கம்பியூட்டர் கூடுதல் பெற்றோல் தெளிக்கும். எரியாத பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் சூடேறினால் அது ஆவியாகிப் போய்விடும், சூடேறாவிட்டால் சேர்ந்துகொண்டே இருக்கும். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ என்ஜின்களில் இது இன்னும் அதிகம். 2018இல் ஹொண்டாவின் 1.5 லீற்றர் டர்போ என்ஜினில் இதே காரணத்தால் சீனாவின் குளிர் மாகாணங்களில் ஒயில் மட்டம் ஏறி, சி.ஆர்.வி. கார் விற்பனையையே சில காலம் நிறுத்த வேண்டிவந்தது. அமெரிக்காவிலும் வாரண்டியை நீட்டினார்கள்.

எனக்கு அஞ்சத் தோன்றுவது ஒயில் குறையும் கார் அல்ல, குறையாததுபோலக் காட்டும் கார். ஒரு பக்கம் ஒயில் எரிகிறது, மறுபக்கம் பெற்றோல் வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. கம்பி நடுவிலேயே நிற்கும். உள்ளே இருப்பது நீர்த்த ஒயில், பெயாரிங் அதில்தான் சுழல்கிறது.

இதை நிறுவனத்தில் சொன்னபோது கவுன்டரில் இருந்த இளைஞர் பயனர் கைநூலைத் திறக்கவே இல்லை. நான் திறந்து காட்டினேன். "கடினமான பயன்பாடு" என்று தனி அட்டவணை இருந்தது: குளிரில் சின்ன ஓட்டம், மலைப்பாதை, தூசி ரோடு. நம் வாழ்க்கையே அந்தப் பட்டியல்தான். சாதாரண அட்டவணையில் 10,000 கிலோமீற்றர் என்று இருந்த ஒயில் மாற்றம் அதில் 5,000. உங்கள் கைநூலிலும் அந்தப் பக்கத்தைத் தேடுங்கள். அதன்படி சர்வீஸ் செய்து பில் வைத்திருப்பவரிடம் "பராமரிப்பு போதாது" என்று யாரும் சொல்ல முடியாது.

மே 23

ஒயில் பில்டரைக் கேட்டு வாங்குங்கள். சர்வீசில் கழற்றியது உங்கள் பொருள்.

ஹக்சோவால் அறுக்கக் கூடாது. அறுக்கும்போது உதிரும் இரும்புத் தூளே உள்ளே விழுந்து குழப்பும். பில்டர் வெட்டும் வளையக் கத்தி பெரிய கராஜ்களில் இருக்கும். வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை மட்டும் கத்தியால் உரித்தெடுத்து, இரண்டு பலகைக்கு நடுவே வைஸில் இறுக்கி ஒயிலைப் பிழியுங்கள். பிறகு வெயிலில் விரித்துப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். முதல் சர்வீசில் மெல்லிய மினுக்கம் தெரிவது புது என்ஜின் தேய்ந்து பொருந்துவதால். 15,000, 20,000 ஓடிய பிறகும் நகத்தில் நெருடும் செதில் கிடைத்தால் அது வேறு விஷயம். காகிதத்துக்கு அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். கூடவே நகர்ந்தால் இரும்பு: ரிங், செயின், வால்வைத் திறக்கும் கேம். நகராமல் வெள்ளையாக மினுங்கினால் அலுமினியம்: பிஸ்டன் அல்லது பெயாரிங். செம்பு நிறம் பெரும்பாலும் பெயாரிங்.

படமெடுத்து, காகிதத்தைப் பொலித்தீன் உறையில் திகதியோடு வைத்திருங்கள்.

மே 24

தடித்த ஒயில் ஊற்றினால் குறைவது நின்றுவிடும் என்று மஸ்கெலியாவிலிருந்து ஒரு யோசனை. 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயிலைக் கேட்கும் என்ஜினில் 20டபிள்யூ-50 என்ற தடித்ததை ஊற்றினால் குளிர்காலைகளில் ஒயில் மேலே ஏறவே நேரமெடுக்கும், செயின் இன்னும் கடகடக்கும். வாரண்டியில் இருக்கும்போது புத்தகத்தில் இல்லாத ஒயிலை ஊற்றிவிட்டு அதற்குரிய பில்லையும் கையில் வைத்திருப்பது மறுப்பதற்கான காரணத்தை நாமே எழுதிக் கொடுப்பதுதான்.

ஏயார் பில்டர் தோட்டத்து ரோடுகளில் ஒயிலைவிட முக்கியம். உள்ளே போகும் மணல்தான் ரிங்கை அரைக்கிறது. காற்றடித்துச் சுத்தம் செய்து கோணலாக வைத்து மூடிவிட்டுப் போகிறார்கள். சர்வீஸ் முடிந்ததும் பெட்டியின் கிளிப் எல்லாம் பூட்டியிருக்கிறதா என்று நீங்களே கையால் தடவிப் பாருங்கள்.

மே 28

வாரண்டிப் பேச்சுக்கு வருகிறேன். இதைத்தான் எல்லோரும் தனிச்செய்தியில் கேட்கிறார்கள்.

வாயால் சொன்னது எதுவும் நிற்காது. ஜொப் கார்ட்டில் முறைப்பாட்டுப் பகுதியில் உங்கள் சொற்களில் எழுத வேண்டும்: எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன தெரிகிறது. "செக் என்ஜின்" என்று அவர்கள் சுருக்கி எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறினால் தமிழில் எழுதுங்கள். நம் ஆட்கள் அந்தக் கண்ணாடிக் கவுன்டர் முன்னால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. பணம் கட்டியவர் நீங்கள்.

"சாதாரணம்" என்று சொன்னால் எந்த அளவுவரை சாதாரணம் என்று எழுத்தில் கேளுங்கள். 1,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர்வரை சாதாரணம் என்று சில தயாரிப்பாளர்களின் புத்தகத்திலேயே இருக்கிறது. மூன்று லீற்றர் பிடிக்கும் என்ஜினில் அந்தக் கணக்குப்படி அடுத்த சர்வீசுக்கு முன்பே ஒயில் தீர்ந்துவிடும்! இருந்தாலும் எழுத்தில் வாங்கினால்தான் நாளை அதோடு ஒப்பிட முடியும். பிறகு ஒயில் செலவுச் சோதனையைக் கேளுங்கள். அவர்களே முழுதாக நிரப்பி, வடிகால் போல்ட்டுக்கும் மூடிக்கும் அடையாளமிட்டு அனுப்புவார்கள். 1,000 கிலோமீற்றர் ஓடித் திரும்பியதும் அவர்களே அளப்பார்கள்.

வெளியே ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. காரின் கம்பியூட்டரில் பதிவாகியிருக்கும் கோளாறுக் குறியீட்டை அழிக்க மட்டும் விடாதீர்கள். கோளாறு நடந்த தருணத்தில் என்ஜின் வேகம், சூடு, பாரம் என்ன என்ற பதிவும் அதோடு அழிந்துவிடும்.

அதற்கும் மேலே போக வேண்டுமானால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி விசாரிக்க அவர்களுக்கு அதிகாரம் தருகிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்; பொருளை விற்ற அல்லது சேவையை வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். கார் வாங்கி ஒரு வருடம் ஆனவர்களுக்கு இது இடறும் இடம். ஆகவே ஒவ்வொரு சர்வீசின் பில்லும் திகதியும் முக்கியம். தமிழ் 1987இல் 13ஆவது திருத்தத்தோடு அரச கரும மொழியானது. அரச நிறுவனத்துக்குத் தமிழில் எழுதுவது உங்கள் உரிமை, தயங்காதீர்கள்.

ஜூன் 3

இது இழையின் பேச்சிலிருந்து சற்று விலகியது. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஏக்கத்தில் பலர் விற்பனை நிலையங்களில் பதிவு செய்யாத கார்களை வாங்கியிருக்கிறார்கள். கார் புதிதாக இருக்கலாம். தயாரிப்பாளரின் வாரண்டி இலங்கையில் உள்ள அதிகாரபூர்வ முகவரிடம் செல்லுமா என்பது தனிக் கேள்வி. விற்றவரே தரும் வாரண்டி என்றால் அந்தக் காகிதத்தில் என்ஜினின் எந்தப் பாகங்கள், எத்தனை கிலோமீற்றர், எந்த கராஜ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கக் காகிதத்தில் முத்திரை மட்டும் குத்தியிருந்தால் இன்றைக்கே போய் விவரம் எழுதி வாங்குங்கள்.

95 ஒக்டேன் பெற்றோல் கேட்கும் காருக்கு மலையில் 92 போதாதா என்ற கேள்விக்கு: டர்போ இல்லாத என்ஜினுக்கு மலையில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், பெற்றோல் தானாகவே வெடித்து என்ஜின் தட்டும் அபாயம் குறைவு. அதே கார் முழுப் பாரத்தோடு கொழும்பில் ஓடும்போது தட்டலாம். டர்போ இருந்தால் அது காற்றை அடித்து நிரப்பிவிடும், மலைச் சலுகை பெரிதாகக் கிடைக்காது. கைநூல் 95 என்றால் 95.

ஜூன் 14

நுவரெலியா நண்பரின் செய்தி. மைத்துனர் பார்த்ததில் ஏற்றத்தில் புகை இல்லை. நிறுவனம் சோதனைக்குச் சம்மதித்து அடையாளமிட்டு அனுப்பியது. 1,000 கிலோமீற்றரில் 350 மில்லி குறைந்திருக்கிறது. "எல்லைக்குள்தான்" என்று மறுபடி தொடங்கினார்களாம். ஆனால் இந்த முறை இறக்கம், புகை, அளவு எல்லாம் ஜொப் கார்ட்டில் ஏறியிருந்ததால் பி.சி.வி. வால்வைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். திறந்த நிலையிலேயே சிக்கியிருந்தது. காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயின் உட்பக்கம் ஒயிலில் நனைந்திருந்ததாம். வாரண்டியில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பிரித்திருந்தால் இந்தச் சின்ன வால்வுக்காக முழு என்ஜின் மேசைமேல் கிடந்திருக்கும்.

ஜூன் 14, இரவு

இத்தோடு முடிந்தது என்று விட்டுவிட வேண்டாம். வால்வு மாற்றிய பிறகு இன்னொரு 1,000 கிலோமீற்றருக்கு அளவு வேண்டும். அதே பாதை, அதே இறக்கம், அதே பெற்றோல் ஷெட். 350 என்பது 50, 100க்கு இறங்கினால் வால்வுதான் காரணம். 250இல் நின்றால் வால்வு சீலையோ ஒயில் ரிங்கையோ பார்க்கச் சொல்லி மறுபடி எழுதிக் கொடுங்கள். காலைச் சத்தத்துக்கு அவர்கள் பதிலே எழுதவில்லை என்கிறீர்கள். அது தனி முறைப்பாடு, தனி ஜொப் கார்ட். ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டு மூடிவிட விடாதீர்கள்.

ஜூன் 17

வாரண்டி முடிய இரண்டு வாரமே இருக்கும் ஒருவர், சோதனை ஓட்டத்தை முடிக்க நேரமில்லையே என்று கேட்டிருக்கிறார். சோதனை முடிய வேண்டியதில்லை, முறைப்பாடு காலத்துக்குள் பதிவாக வேண்டும். நாளைக்கே போங்கள். ஜொப் கார்ட்டில் திகதியும் கிலோமீற்றரும் தெளிவாக இருக்கட்டும். அதே விவரத்தைப் பதிவுத் தபாலிலும் அனுப்பி, ரசீதை சர்வீஸ் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.